டேஷ் கேமரா மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்து வயரைத் தேடும் வழி

பல்லடத்தில் கார் வயரிங் வேலை பார்க்கிறேன். திருப்பூர், காங்கேயம், உடுமலை, பொள்ளாச்சி என்று நாலா பக்கமிருந்தும் வண்டிகள் வரும். புதிதாக டேஷ் கேமரா மாட்ட வருகிறவர்களைவிட, மாட்டிய கேமரா மக்கர் செய்கிறது என்று வருகிறவர்கள்தான் இப்போதெல்லாம் அதிகம். "கேமரா போச்சுங்ணா, வேற வாங்கோணுமா?" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் கேமரா போயிருக்காது. கரண்ட் எடுத்த இடம், எர்த் கொடுத்த இடம், வயர் போன பாதை, இந்த மூன்றில் ஏதோ ஒன்று தப்பாக இருக்கும். ஆகவே எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், டிரிம் கழற்றும் பிளாஸ்டிக் பட்டை, துணி டேப், ஒரு பவர் பேங்க். பவர் பேங்க்தான் முதல் சோதனை. வண்டியின் வயரைக் கேமராவிலிருந்து உருவிவிட்டு, பவர் பேங்கில் கொடுத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஒழுங்காகப் பதிவு செய்தால் கேமரா நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு தேட வேண்டியதெல்லாம் வண்டிக்குள்தான்.

கேமரா எரியவே இல்லை

லைட்டர் சாக்கெட்டில் மாட்டியிருந்தால் முதலில் சாக்கெட்டின் பியூஸைப் பாருங்கள். அடுப்பு மாதிரி எல்லாவற்றையும் அதே சாக்கெட்டில் சொருகுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. டயருக்குக் காற்றடிக்கும் பம்பு ஓட்டிய அன்றே பியூஸ் போயிருக்கும், கேமரா எரியாதது மறுநாள்தான் கண்ணில் படும்.

பியூஸ் பாக்ஸிலிருந்து கிட் (கேமராவுக்குக் கரண்ட் எடுக்கும் வயர் செட்) வைத்துக் கொடுத்திருந்தால், பெரும்பாலான கிட்டுகளில் மூன்று வயர் இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கு. மஞ்சள், எப்போதும் வரும் டைரக்ட் லைனுக்கு. கறுப்பு எர்த். சில கம்பெனிகள் நிறத்தை மாற்றி வைக்கின்றன, அதனால் கூட வந்த தாளை ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பியூஸ் டேப் என்பது பழைய பியூஸ் இருந்த துளையில் சொருகி, கேமராவுக்குக் கிளை எடுக்கும் துண்டு. அதில் இரண்டு பியூஸ் உட்காரும்: ஒன்று வண்டியின் பழைய பியூஸ், இன்னொன்று கேமராவுக்கான 2 அல்லது 3 ஆம்பியர் பியூஸ். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

எர்த்தில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். டேஷ்போர்டுக்கு அடியில் போல்ட் போலத் தெரிவதெல்லாம் பாடியில் ஏறிய போல்ட் அல்ல. சில பிளாஸ்டிக்கில் ஏறியிருக்கும், சில பெயின்ட்டுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். மீட்டரின் சிவப்பு முனையை ஒரு டைரக்ட் லைனிலும் கறுப்பு முனையை அந்தப் போல்ட்டிலும் வையுங்கள். பேட்டரியில் என்ன வோல்ட் காட்டுகிறதோ அதே அளவு இங்கும் வர வேண்டும். வராவிட்டால் வேறு போல்ட்டைத் தேடுங்கள். லக் (வயர் நுனியில் இருக்கும் வளையம்) உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு முறுக்குங்கள். எர்த்தை பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோய்க் கட்டாதீர்கள். இப்போதைய பல வண்டிகளில் அந்த முனையில் கரண்டை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டிக் கட்டினால் வண்டியின் கணக்கே தப்பிப்போகும்.

எல்லாம் சரியாக இருந்தும், ஒரு வாரம் ஓடிவிட்டுத் திடீரென்று நின்றதா? வண்டி தென்னந்தோப்பிலோ களத்துமேட்டிலோ நிற்கிறதா? டார்ச் அடித்து டேஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். ஓரமாகச் சிதறிக் கிடக்கும் எலிப் புழுக்கையே சொல்லிவிடும். மெல்லிய யுஎஸ்பி வயரை எலி ஒரே ராத்திரியில் துண்டித்துவிடும். அந்த வயரை முறுக்கி ஒட்டாமல் புதிதாக மாற்றுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் போகிற பகுதிக்கு மட்டும் கெட்டியான ஸ்லீவ் போடுங்கள்.

இன்னொன்று: காரின் சொந்த யுஎஸ்பி துளையில் கொடுத்தால் சில கேமராக்கள் கம்ப்யூட்டரில் மாட்டியதாக நினைத்துக்கொண்டு, பதிவு செய்யாமல் ஒரு படத்தை மட்டும் காட்டி நிற்கும். அந்தத் துளை பாட்டுக் கேட்பதற்கு. கேமராவுக்கு அதனுடைய சார்ஜரைக் கொடுங்கள்.

எரிகிறது, அணைகிறது, திரும்ப எரிகிறது

மேடு பள்ளத்தில் மட்டும் இப்படி ஆனால் லூஸ் காண்டாக்ட். லைட்டர் சாக்கெட் என்றால் சார்ஜரின் ஓரத்துக் கம்பிகளைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிடலாம். பியூஸ் டேப் என்றால் அளவைப் பாருங்கள். மினி, உயரம் குறைந்த மினி, மைக்ரோ என்று பியூஸ் பல அளவில் வரும். பொருந்தாததை அழுத்தி இறக்கினால் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு விரிந்துபோகும். அப்புறம் சரியான பியூஸைப் போட்டாலும் அது ஆடும்.

நல்ல ரோட்டிலும் அணைந்து அணைந்து எரிந்தால், மெமரி கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கார்டு இல்லாமல் நிலையாக ஓடினால் கோளாறு கார்டில். கார்டு இல்லாமலும் அணைந்தால் கரண்ட் போதவில்லை. கேமரா 5 வோல்ட்டில் ஓடுவது. மெல்லிய, நீளமான வயரை வாங்கி இழுத்திருந்தால் போகும் வழியிலேயே வோல்ட் விழுந்துவிடும். கேமராவுடன் வந்த வயரையே போடச் சொல்வது இதற்காகத்தான்.

காத்தால செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்க

அதிகம் வருவது இதுதான். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நான் அளந்து பார்த்த கேமராக்கள், வண்டி நிற்கும்போது பதிவு செய்தால், 12 வோல்ட் பக்கத்தில் சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கின்றன. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், அப்படியானால் 7.2 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் காரில் இருப்பது 35 ஆம்பியர்-மணி பேட்டரி. சனிக்கிழமை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் போய், புதன்கிழமை வந்து சாவியைத் திருப்பினால் 28 ஆம்பியர்-மணிக்கு மேல் போயிருக்கும். டிக் டிக் என்று சத்தம் மட்டும் கேட்கும்.

இதைத் தடுக்கத்தான் கிட்டில் கட்-ஆஃப் இருக்கிறது. பேட்டரி குறிப்பிட்ட வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேமராவுக்குக் கரண்டை நிறுத்திவிடும். ஆனால் பல கிட்டுகள் 11.8-ல் வைக்கப்பட்டு வருகின்றன. ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுதாக நிறைந்திருக்கிறது. 12.0-க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம். 11.8 என்றால் காலி. அந்த நிலையில் நிறுத்தி என்ன பயன்? நான் 12.2-க்குக் கீழே யாருக்கும் வைப்பதில்லை. பேட்டரிக்கு மூன்று வயது ஆகியிருந்தால் 12.4. கேமரா ராத்திரி முழுக்க ஓடவில்லை என்று சிலர் குறைப்படுவார்கள். காலையில் வண்டி கிளம்புவது அதைவிட முக்கியம்.

பார்க்கிங் பதிவே வேண்டாம் என்று சொன்னவரின் பேட்டரியும் இறங்குகிறது என்றால், சாவி லைன் என்று நினைத்து டைரக்ட் லைனில் பியூஸ் டேப் போட்டிருப்பார்கள். டெஸ்ட் லாம்பைப் பியூஸின் தலையில் வைத்து, சாவியை எடுத்துவிட்டுப் பாருங்கள். உடனே முடிவு சொல்லிவிடாதீர்கள். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும், கதவைத் திறக்கும்வரையோ பூட்டும்வரையோ அந்த லைன் உயிரோடு இருக்கும். இறங்கி, பூட்டி, பத்து நிமிடம் கழித்துக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கேமராவின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்தால் லைன் தப்பு.

கேமராதான் காரணமா, வேறு ஏதாவதா என்று உறுதி செய்ய வேண்டுமானால்: பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். கதவுகளை மூடி, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். வண்டி தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 300 என்று நின்றால் கேமராவின் பியூஸைப் பிடுங்குங்கள். எண் சட்டென்று விழுந்தால் ஆள் அகப்பட்டது. மீட்டர் நடுவில் இருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

பியூஸ் டேப் போடும்போது ஒரு சின்ன விஷயம். பியூஸ் துளையின் இரண்டு கால்களில் ஒன்றில் பேட்டரியிலிருந்து கரண்ட் வரும், மற்றது பொருளுக்குப் போகும். டேப்பில் இரண்டு பியூஸுக்கும் பொதுவாக இருக்கும் கால், கரண்ட் வரும் பக்கம் இறங்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் கேமரா ஓடத்தான் செய்யும். ஆனால் கேமராவின் பாரமும் பழைய பியூஸ் மேலேயே விழும். ஏர்பேக், ஏபிஎஸ், என்ஜின் கம்ப்யூட்டர் என்று எழுதிய பியூஸ்கள் பக்கம் போகவே வேண்டாம். லைட்டர் சாக்கெட், ரேடியோ, பின் வைப்பர் போதும்.

பில்லரில் கடகடவென்று சத்தம், அல்லது ஏர்பேக் விளக்கு

பில்லர் என்பது முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே நிற்கும் தூண். சத்தம் என்றால் அதன் மூடியில் ஏதாவது ஒரு கிளிப் உடைந்திருக்கும், அல்லது வயர் தகரத்தில் தட்டும். அரை அடிக்கு ஒரு சுற்று துணி டேப், உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப், அவ்வளவுதான். வினைல் டேப் வேண்டாம். வெயிலில் பசை உருகி வழுக்கிவிடும், நம்ம ஊர் சித்திரைக்கு அது தாங்காது.

ஆனால் இந்தச் சத்தத்துக்காகப் பில்லரைத் திறந்தபோது நான் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த வண்டி, ஆறு ஏர்பேக். பில்லர் மூடியை மெல்ல நெம்பினேன். ரூஃபின் ஓரம் நெடுக, சுருட்டிய வேட்டி மாதிரி மெத்தென்று ஒரு துணிச் சுருள் கிடந்தது. அதுதான் கதவுக் கண்ணாடிப் பக்கம் திரைபோல் இறங்கும் ஏர்பேக். அதன் மேல் கேமராவின் கறுப்பு வயரை மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு ஜிப் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். ஜிப் டையின் வால்களைக்கூட அழகாக நறுக்கியிருந்தார்கள். வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாத வேலை. பக்கவாட்டில் இடி வாங்கினால் அந்தப் பை கண் இமைப்பதற்குள் விரிய வேண்டும். கட்டிப்போட்ட பை எப்படி விரியும்? அந்த வண்டியில் பின் சீட்டில் குழந்தை சீட் ஒன்று மாட்டியிருந்தது. நறுக்கி எடுக்கும்வரை எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

பில்லரில் ஏர்பேக் என்ற எழுத்து இருந்தால் செய்ய வேண்டியது இது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். மூடியைக் கதவுப் பக்கத்திலிருந்து நெம்புங்கள். சில கிளிப்களில் மூடியைப் பிடித்து நிறுத்தும் சின்னப் பட்டை வைத்திருப்பார்கள், முழுதாக வெளியே வராது, அதை இழுத்துப் பிய்க்காமல் திருப்பி எடுங்கள். வயரை ஏர்பேக்குக்குப் பின்னால், பாடித் தகரத்தை ஒட்டி, கம்பெனியே போட்டிருக்கும் வயர்க் கட்டோடு சேர்த்துத் துணி டேப்பால் கட்டுங்கள். பையின் முன்னாலோ குறுக்காகவோ ஒரு அங்குலம்கூட வரக் கூடாது. பட்டை வைத்த கிளிப்பைக் கம்பெனி மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். கதவு பீடிங்குக்குள் (கதவு ஓரத்து ரப்பர்) வயரைச் சொருகினால் போதும் என்பது முன்னால் மட்டும் பை இருந்த வண்டிக்குச் சரி. இப்போது வருகிற வண்டிக்கு அந்தப் பழக்கம் ஆபத்து.

வேலை முடிந்த பிறகு ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால், மஞ்சள் நிறக் கனெக்டர் எதையோ தொட்டிருக்கிறீர்கள். நீங்களே தேடாதீர்கள். டெஸ்ட் லாம்பை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நேராகச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

பின் கேமரா கறுப்பாகத் தெரிகிறது

முதலில் முன் கேமராவில் சொருகும் முனையை அழுத்துங்கள். சிலதில் கடைசி ஒரு மில்லிமீட்டர் கடினமாக உட்காரும், பாதியில் நின்றிருக்கும். அதிலும் வராவிட்டால், ஹேட்ச்பேக் வண்டியில், டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள். ஒருவர் டிக்கியை அங்குலம் அங்குலமாகத் தூக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட உயரத்தில் படம் வந்து வந்து போனால் வயர் அந்த மடிப்பில் ஒடிந்திருக்கிறது. ரப்பரைப் பிதுக்கிப் பார்த்தால், மேல் தோல் நன்றாக இருக்கும். உள்ளே செம்புக் கம்பி மட்டும் விட்டிருக்கும். வயர் மாற்றும்போது அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் தளர்வு விடுங்கள், டிக்கி முழுக்கத் திறந்தாலும் இழுக்கக் கூடாது. செடான் வண்டியில் இந்தப் பாடே இல்லை. கண்ணாடி பாடியிலேயே இருப்பதால் வயர் மடிப்புக்குள் போக வேண்டியதில்லை.

ரிவர்ஸ் போட்டால் படம் பெரிதாக வரவில்லை என்றால், பின் கேமராவின் தனிச் சிவப்பு வயரை ரிவர்ஸ் லைட்டுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். படம் தலைகீழாக இருந்தால் மெனுவிலேயே திருப்பும் வசதி இருக்கும். ஒட்டும்போது பின் கண்ணாடியின் பழுப்புக் கோடுகள் மேல் ஒட்டாதீர்கள். கழற்றும் நாளில் அந்தச் சூடேற்றும் கோடும் சேர்ந்து உரிந்து வரும்.

எஃப்எம்-மில் இரைச்சல்

தாராபுரம், உடுமலைப் பக்கம் கோடை பண்பலை 100.5 கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கேமராவின் வயரை உருவினால் இரைச்சல் நிற்கிறதா? நின்றால், 12 வோல்ட்டை 5 ஆக்கும் பெட்டிதான் காரணம். அதை ரேடியோவிலிருந்து தள்ளி வையுங்கள், பெட்டிக்குப் பக்கத்திலேயே வயரில் ஒரு ஃபெரைட் கிளிப் (இரைச்சலை அடக்கும் சின்ன உருளை) மாட்டுங்கள். பல வண்டிகளில் ரூஃப் ஏரியலின் வயர் ஒரு பக்கத்துப் பில்லர் வழியாக இறங்கும். கேமரா வயரை மறுபக்கத்துப் பில்லருக்கு மாற்றியதுமே பாதிக்கு மேல் சரியாகிவிடும்.

ஜிபிஎஸ் வேகம் தப்பாகக் காட்டுவது அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது மட்டும் என்றால் அது பழுது அல்ல, வானம் தெரியவில்லை. நேரம் அரை மணி தள்ளிக் காட்டினால் நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா பாருங்கள்.

மத்தியானம் கழன்று விழுகிறது

முன் கண்ணாடி ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்குமே, அதன் மேல் ஒட்டினால் டேப் முழுதாகப் பிடிக்காது. தெளிந்த கண்ணாடியில், பின்பக்கம் பார்க்கும் உள் கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் இடத்துக்குள் ஒட்டுங்கள். மழை சென்சாரையோ வண்டியின் சொந்தக் கேமராவையோ மறைக்கக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நிழலில் ஒட்டி, அரை நிமிடம் அழுத்தி, ஒரு நாள் கழித்துக் கேமராவை மாட்டுங்கள்.

கேமராவின் திரை மேலே தூக்கிக்கொண்டு, உடம்பு விரிந்த மாதிரி இருந்தால் உள்ளே லித்தியம் பேட்டரி உப்பியிருக்கிறது. அன்றே கழற்றுங்கள். கரூர், ஈரோடு வெயிலில் வெளியே நிற்கிற வண்டிக்குப் பேட்டரி இல்லாத, கெப்பாசிட்டர் வைத்த கேமராதான் ஏற்றது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இடித்தது நிஜம், வீடியோ மட்டும் இல்லை

இதைச் சொல்லி வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். காரணம் பெரும்பாலும் பூட்டிய ஃபைல்கள். கேமரா வீடியோவைச் சின்னச் சின்னத் துண்டு ஃபைல்களாக எழுதும், கார்டு நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதும். அதிர்ச்சி உணர்ந்ததும் அந்தத் துண்டைப் பூட்டி வைக்கும், அதன் மேலே எழுதாது. உணர்திறனை அதிகமாக வைத்துவிட்டு, திம்பத்தின் 27 வளைவோ வால்பாறையின் 40 வளைவோ ஏறி இறங்கினால், ஒவ்வொரு குழிக்கும் ஒரு ஃபைல் பூட்டப்படும். கார்டு பூட்டிய ஃபைல்களால் நிறைந்து, புதிதாக எழுத இடம் இருக்காது. உணர்திறனைக் குறைந்த அளவில் வையுங்கள். மாதம் ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். டேஷ் கேமராவுக்கென்றே வரும், அதிகம் எழுதினாலும் தாங்கும் கார்டை வாங்குங்கள். போன் கார்டு ஓயாமல் எழுதுவதற்குச் செய்யப்பட்டது அல்ல.

கடைசித் துண்டு மட்டும் திறக்கவில்லை என்றால், இடித்த நொடியில் கரண்ட் போய், கேமரா ஃபைலை மூட நேரம் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கும் பேட்டரியோ கெப்பாசிட்டரோ வலுவிழந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. ஒவ்வொரு துண்டும் 1 நிமிடம் என்று வைத்தால், போவதும் அந்த 1 நிமிடத்துக்குள்தான் இருக்கும்.

வீடியோ இருந்தும் அதை இழந்தவர்களும் உண்டு. 64 ஜிபி கார்டில் 1080 அளவில் ஒரு கேமராவின் பதிவு சுமார் 8, 9 மணி நேரம்தான் நிற்கும். இடித்த பிறகு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி என்று அலைந்துவிட்டு மறுநாள் பார்த்தால், நிற்கும் வண்டியையே பதிவு செய்துகொண்டிருந்த கேமரா பழையதை அழித்திருக்கும். அதனால் ஆட்களுக்கு அடி இல்லை என்று பார்த்த உடனே, கேமராவை அணைத்து, கார்டை எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி தரம் குறைந்துபோகும், அதை மட்டும் நம்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்), பிரிவு 63-ன்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கச் சான்றிதழ் வேண்டும். மூலக் கார்டு கையில் இருந்தால் வக்கீலுக்கும் வேலை சுலபம். கார்டை ஒரு காகித உறையில் போட்டு, தேதி, நேரம், வண்டி எண் எழுதி ஒட்டி, பத்திரமாக வையுங்கள். கேமராவில் வேறு கார்டைப் போடுங்கள். அதற்காகவே ஒரு காலி கார்டை டேஷ்போர்டு பெட்டியில் இப்போதே வைத்துவிடுங்கள்.